கை மட்டும் உறங்க எங்கே குத்துவது?

கை அறுவை சிகிச்சைக்கு முழு மயக்கம் கொடுக்காமல், அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்தபடியே நரம்பைச் சுற்றி மருந்து போட்டு மரக்கவைக்கும் முறைகளைப் (‘பிளாக்’) பற்றி வந்த கேள்விகள் இவை. பாதிக் கடிதங்கள் மயக்கவியல் மாணவர்களுடையவை. மீதியை செவிலியர்களும் தியேட்டர் டெக்னீஷியன்களும் நோயாளிகளின் வீட்டாரும் எழுதியிருக்கிறார்கள். மயக்கவியல் மருத்துவர் குழு பதிலளிக்கிறது. மருந்தளவுகள் எல்லாம் வயது வந்தவர்களுக்கானவை.

இன்டர்ஸ்கேலீன், சுப்ராகிளாவிகுலர், இன்ஃப்ராகிளாவிகுலர், ஆக்சிலரி என்று நான்கு பிளாக் படிக்கிறோம். இவற்றில் எது சிறந்தது? — முதுநிலை முதலாண்டு மாணவர்

எந்த அறுவைக்கு, எந்த நோயாளிக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்விக்குப் பொருளே வரும்.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் சி5 முதல் டி1 வரை (கழுத்தின் ஐந்தாவது முதல் மார்பின் முதலாவது தண்டுவட நரம்பு வரை) ஐந்து வேர்களாகக் கிளம்புகின்றன. வேர்கள் சேர்ந்து மூன்று தண்டுகளாகின்றன. தண்டுகள் பிரிந்து, மறுபடி கூடி, அக்குள் தமனியைச் சுற்றி மூன்று வடங்களாகின்றன. அதன் பிறகுதான் மீடியன், அல்நார், ரேடியல், மஸ்குலோகியூட்டேனியஸ், ஆக்சிலரி என்று தனித்தனி நரம்புகள். நான்கு பிளாக்குகளும் இந்த ஒரே பின்னலை நான்கு இடங்களில் மறிக்கின்றன: இன்டர்ஸ்கேலீன் கழுத்தில், சுப்ராகிளாவிகுலர் காறையெலும்புக்கு மேலே, இன்ஃப்ராகிளாவிகுலர் அதற்குக் கீழே, ஆக்சிலரி அக்குளில். மேலே மறித்தால் தோள் மரக்கும், சுண்டுவிரல் பக்கம் தப்பிவிடும். கீழே மறித்தால் விரல்கள் மரக்கும், தோள் தப்பிவிடும்.

ஆகவே தோள்மூட்டு, மேற்கையெலும்பின் மேல்பகுதி என்றால் இன்டர்ஸ்கேலீன். மேற்கையின் நடுவிலிருந்து விரல் நுனி வரை என்றால் சுப்ராகிளாவிகுலர். முழங்கை, முன்கை, கை என்றால் இன்ஃப்ராகிளாவிகுலர். முன்கை, மணிக்கட்டு, கை என்றால் ஆக்சிலரி. முழங்கைக்கும் ஆக்சிலரி போடுகிறவர்கள் உண்டு. ஆனால் மஸ்குலோகியூட்டேனியஸ் விட்டுப்போனால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

வரைபடத்தில் பாதித் தீர்மானம்தான் முடியும். நோயாளியால் எதை இழக்க முடியாது என்பது மறுபாதி. நுரையீரல் பலவீனமானவருக்குக் கழுத்தில் போட்டால் உதரவிதானத்தின் ஒரு பாதி செயலிழக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இன்ஃப்ராகிளாவிகுலர் போட்டு ஆழத்தில் இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்தி நிறுத்த முடியாது. முறிந்த கையை விரிக்கவே முடியாதவருக்கு அக்குளில் ப்ரோப் (அல்ட்ராசவுண்ட் கருவியில் தோல்மேல் வைக்கும் பகுதி) வைக்க இடமிருக்காது. கையில் நன்றாகப் பழகிய பிளாக் எது என்பதும் கணக்கில் வர வேண்டும். வாரம் பத்து ஆக்சிலரி போடுகிறவர், புத்தகம் சொல்கிறதே என்று மாதம் ஒரு சுப்ராகிளாவிகுலர் போடத் தேவையில்லை.

தோள்மூட்டு அறுவைக்கு வருபவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இன்டர்ஸ்கேலீன் கூடாது என்கிறார்கள். குறைந்த அளவு மருந்தில் போட்டால் பரவாயில்லையா? — மயக்கவியல் பயிற்சி மருத்துவர்

உதரவிதானத்தை இயக்கும் ஃபிரீனிக் நரம்பு, கழுத்திலுள்ள முன் ஸ்கேலீன் தசையின் மேல் படுத்துக்கொண்டு இறங்குகிறது. கிரிகாய்டு குருத்தெலும்பின் மட்டத்தில் அதற்கும் சி5 வேருக்கும் இடையே சுமார் 2 மி.மீ.தான் இடைவெளி. கீழே ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 3 மி.மீ. விலகிப் போகிறது. இதனால்தான் வழக்கமான 20 மில்லி போட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் அந்தப் பக்க உதரவிதானம் நின்றுவிடுகிறது. மூச்சின் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் குறையும். நல்ல நுரையீரல் உள்ளவர் இதை உணர்வதுகூட இல்லை. உங்கள் நோயாளி உணர்வார்.

5 மில்லியாகக் குறைத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது நடக்கத்தான் செய்கிறது. பாதி வாய்ப்பை நம்பி இவருக்கு ஊசி எடுப்பது சரியல்ல என்பதே எங்கள் கருத்து. மறுபக்க ஃபிரீனிக் நரம்பு ஏற்கனவே செயலிழந்தவருக்கு இந்த பிளாக்கை நினைத்தே பார்க்கக் கூடாது.

மாற்று இரண்டு. முதலாவது, சுப்பீரியர் ட்ரங்க் பிளாக். சி5, சி6 வேர்கள் ஒன்று சேர்ந்து மேல்தண்டாகும் இடத்தில், சுப்ராஸ்கேபுலர் நரம்பு அதிலிருந்து பிரிவதற்குச் சற்று முன்னால், 10 முதல் 15 மில்லி வரை தண்டைச் சுற்றிப் போடுவது. ப்ரோப்பை இன்டர்ஸ்கேலீன் இடத்தில் வைத்து, போக்குவரத்து விளக்குபோல அடுக்கி நிற்கும் கரிய வட்டங்களைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே வழுக்குங்கள். மேலிரண்டு வட்டங்களும் ஒன்றாகும் இடம் திரையில் தெரியும். ஃபிரீனிக் பாதிப்பு இதில் வெகுவாகக் குறைகிறது, வலிநிவாரணமோ ஏறக்குறைய அதேதான். ஆனால் தோளின் உச்சித் தோலுக்கு வரும் சுப்ராகிளாவிகுலர் நரம்புகள் (சி3, சி4) இதில் தப்பிவிடும். இன்டர்ஸ்கேலீனில் மருந்து தானாகவே அங்கேயும் கசிந்து போய்விடுவதால் அந்தக் குறை கண்ணில் படுவதில்லை. இங்கே அதற்குத் தனியாக 3 முதல் 5 மில்லி போட வேண்டும்.

அதுவும் பயமாயிருந்தால் இரண்டாவது வழி: சுப்ராஸ்கேபுலர் நரம்பை முதுகுப்புறம் தோள்பட்டை எலும்பின் குழியிலும், ஆக்சிலரி நரம்பை மேற்கையின் பின்புறத்திலும் தனித்தனியே மறிப்பது. உதரவிதானம் தொடப்படவே படாது. ஆனால் இதை வைத்துக்கொண்டு மட்டும் அறுவை செய்ய முடியாது. கூடவே முழு மயக்கம் வேண்டும், பிளாக் பிந்தைய வலிக்குத்தான்.

எதைப் போட்டாலும், போடுவதற்கு முன் விலா விளிம்புக்குக் கீழே ப்ரோப் வைத்து, உதரவிதானம் எவ்வளவு அசைகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூச்சுத் திணறல் வந்தால் ஒப்பிட ஒரு ஆதாரம் இருக்கும்.

சுப்ராகிளாவிகுலர் போட்ட பிறகு தோளும் கட்டைவிரலும் நன்றாக மரத்துவிடுகின்றன. சுண்டுவிரலில் மட்டும் வலி இருக்கிறது. ஏன்? — முதுநிலை இரண்டாமாண்டு மாணவி

மருந்து மேலே தங்கிவிட்டது. சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகும் சி8, டி1 இழைகள் கீழ்த்தண்டில் இருக்கின்றன. அந்தத் தண்டு சப்கிளேவியன் தமனிக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள மூலையில் ஒளிந்திருக்கிறது. கார்னர் பாக்கெட் என்று சொல்கிறார்களே, அது இதுதான். நீங்கள் திரையில் திராட்சைக் கொத்துபோல எடுப்பாகத் தெரியும் மேல்பகுதியைப் பார்த்து அங்கேயே முழு மருந்தையும் இறக்கியிருப்பீர்கள்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் ப்ரோப்பை வைத்து, அதன் முகத்தை மார்புக்கூட்டை நோக்கிக் கீழே சாய்த்துத் தமனியை நடுவில் கொண்டுவாருங்கள். தமனிக்கு நேர் கீழே விலா எலும்பு தெரியும்வரை ப்ரோப்பை ஆட்டிச் சரிசெய்யுங்கள். பிறகு இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளரை ஒருமுறை போடுங்கள். பின்னலின் ஊடாகவே சில தமனிகள் குறுக்கே ஓடும், அவை சாதாரணப் படத்தில் நரம்பைப் போலவே கரிய வட்டமாகத் தெரியும். ஊசியை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி, முழு நீளமும் திரையில் தெரியும்படி செலுத்தி, முதலில் அந்த மூலைக்குப் போய் 10 முதல் 15 மில்லி. பின்னல் அப்படியே மிதந்து மேலே எழும்புவதைப் பார்க்கலாம். பிறகு ஊசியைப் பின்னிழுத்து மேல்கொத்தின் பக்கவாட்டில் மீதி. மொத்தம் 20 முதல் 25 மில்லி போதும்.

கொத்துக்குள்ளேயே ஊசியை நுழைத்து அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் சீக்கிரம் மரக்கும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. மரப்பது உண்மைதான். ஐந்து நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக நரம்புக் கட்டுக்குள் ஊசியை அலையவிடும் அந்த வேலை எங்களில் பெரும்பாலானோருக்குப் பிடிக்காது.

அந்த மூலைக்குப் போகும்போதுதான் நுரையீரலைக் குத்திவிடுவோமோ என்று கை நடுங்குகிறது. விலா எலும்பையும் ப்ளூராவையும் (நுரையீரல் உறை) எப்படி உறுதியாகப் பிரித்தறிவது? — அதே மாணவி

இரண்டுமே வெள்ளைக் கோடுதான். கோட்டைப் பார்க்காதீர்கள், கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எலும்பு ஒலியலையை விடாது. அதனால் கீழே கருமையான நிழல். ப்ளூராவுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் மினுமினுப்பு, வால்நட்சத்திரம்போல இறங்கும் கீற்றுகள். மூச்சு விடும்போது ப்ளூரா இரண்டு பக்கமும் வழுக்கும், எலும்பு வழுக்காது. இந்த வித்தியாசம் தெரியாதவரை ஊசி தோலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

ஊசி முனை விலாவுக்கு மேலே இருக்கும்படி கோணம் அமைத்துக்கொண்டால் தவறிப் போனாலும் எலும்பில் முட்டி நிற்கும். முனை கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் முன்னே தள்ளாதீர்கள். ஊசியை அசைக்காமல் ப்ரோப்பை நகர்த்தித் தேடுங்கள். விபத்து நடப்பது பெரும்பாலும் ஊசியின் உடல்பகுதியைப் பார்த்துக்கொண்டே முனையைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளும் அந்த விநாடியில்தான்.

நுரையீரல் உறையில் காற்று புகுந்தால் அறிகுறி உடனே வராது, சில மணி நேரம் கழித்தும் வரலாம். அன்றே வீட்டுக்குப் போகிறவர்களிடம் நெஞ்சுவலி, வறட்டு இருமல், மூச்சிரைப்பு என்றால் திரும்பி வரச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு கொசுறு: காறையெலும்புக்கு மேலே குத்தும் இந்த வழியை குலென்காம்ஃப் 1911-இலேயே எழுதிவிட்டார். நுரையீரல் பயத்தால் பலர் ஒதுக்கிவைத்த பிளாக், 1994-இல் வியன்னாவில் கப்ரால் குழுவினர் அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போட்டுக் காட்டிய பிறகு புது வாழ்வு பெற்றது.

இன்ஃப்ராகிளாவிகுலரில் ஊசியே தெரிவதில்லை. என்ன செய்வது? — ஒரு பயிற்சி மருத்துவர்

தெரியாததற்குக் காரணம் உங்கள் கை அல்ல, கோணம். தமனி இங்கே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. காறையெலும்பு வழிமறிப்பதால் ஊசி செங்குத்தாக இறங்குகிறது. செங்குத்தான ஊசியில் பட்ட ஒலியலை ப்ரோப்புக்குத் திரும்பி வருவதில்லை.

முதலில் நோயாளியின் கையை 90 டிகிரி விரிக்கச் சொல்லுங்கள். காறையெலும்பு மேலே விலகி, பின்னலும் கொஞ்சம் மேலோட்டமாக வரும். ப்ரோப்பின் கால்பக்க முனையைச் சற்று அழுத்தி முகத்தை ஊசிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். 50 மி.மீ. ஊசி எட்டாது. 80 அல்லது 100 மி.மீ., முடிந்தால் திரையில் பளிச்சென்று தெரியும் எக்கோஜெனிக் ஊசி எடுங்கள். முனை எங்கே என்று சந்தேகம் வந்தால் அரை மில்லி சலைன் விட்டுப் பாருங்கள், கருங்குளம் எங்கே திறக்கிறதோ அங்கேதான் முனை.

மூன்று வடங்களையும் தனித்தனியே தேடி அலைய வேண்டாம். தமனியின் பின்னால், கடிகாரத்தில் 6 மணி இருக்கும் இடத்தில் முனையை வைத்து 25 முதல் 30 மில்லி விட்டால், மருந்து தமனியை லாடம்போலச் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் வேலை முடிந்தது. தமனிக்கு முன்னால் மட்டும் தேங்கினால் நிறுத்திவிட்டு முனையை மாற்ற வேண்டும். இன்னொரு பொறி: தமனியில் ஓடும் இரத்தத்தைத் தாண்டி வரும் ஒலியலை அதன் அடியில் ஒரு வெள்ளைத் திட்டை உண்டாக்கும். புதியவர்கள் அதைப் பின்வடம் என்று நம்பி அதைச் சுற்றியே மருந்து விடுவார்கள்.

வடிகுழாய் வைத்து இரண்டு மூன்று நாள் மருந்து ஓட்ட வேண்டுமென்றால் நான்கில் இதற்குத்தான் முதலிடம். மார்புத் தசைகள் குழாயைப் பிடித்துக்கொள்ளும், கழுத்தைத் திருப்பினாலும் நழுவாது.

காறையெலும்புக்கு நேர் அடியில், சப்கிளேவியஸ் தசைக்கும் செர்ரேட்டஸ் தசைக்கும் நடுவே மூன்று வடங்களும் தமனியின் வெளிப்பக்கம் ஒன்றாக ஒட்டி நிற்கும். அங்கே 20 மில்லி போடும் காஸ்டோகிளாவிகுலர் முறை சீக்கிரம் மரக்கவைக்கிறது. ப்ளூரா அருகில் இருப்பதை மறக்க வேண்டாம்.

ஆக்சிலரி பிளாக்கைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? — மாவட்ட மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் முதலில் பழகச் சொல்வோம். நுரையீரல் இல்லை, ஃபிரீனிக் இல்லை, இரத்தம் கசிந்தால் கையால் அழுத்தலாம். விலை என்னவென்றால் நான்கு நரம்புகளைத் தனித்தனியே தேட வேண்டும்.

கையை 90 டிகிரி விரித்து, முழங்கையை மடக்கிப் படுக்கவையுங்கள். 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட லீனியர் ப்ரோப், 22 கேஜ் 50 மி.மீ. ஊசி. மார்புத் தசை மேற்கையில் சேரும் மடிப்பில் ப்ரோப்பைக் குறுக்காக வையுங்கள். தமனி தெரிந்ததும் அதற்கு அடியில் ஒரு பளிச்சென்ற சாய்கோட்டைத் தேடுங்கள். லாட்டிசிமஸ் டார்ஸி, டெரெஸ் மேஜர் தசைகளின் கூட்டுத் தசைநார் அது. அது தெரிந்தால் சரியான மட்டத்தில் இருக்கிறீர்கள், ரேடியல் நரம்பு அதன்மேல் படுத்திருக்கும். தெரியவில்லையென்றால் கீழே வந்துவிட்டீர்கள், ரேடியல் பின்பக்கம் நழுவிப் போயிருக்கும்.

பைசெப்ஸ் பக்கம் திரையின் இடதில் இருந்தால், மீடியன் பெரும்பாலும் 10 முதல் 12 மணிக்குள், அல்நார் 2, 3 மணி, ரேடியல் 5 மணி. மஸ்குலோகியூட்டேனியஸ் மட்டும் கூட்டத்தை விட்டுப் பைசெப்ஸுக்கும் கொராக்கோபிராக்கியாலிஸுக்கும் நடுவே தனியாகக் கிடக்கும். ப்ரோப்பை மேலும் கீழும் வழுக்கினால் அது தமனியிலிருந்து விலகி ஓடுவது தெரியும், அந்த ஓட்டமே அடையாளம். சிலருக்கு அது மீடியனோடு ஒட்டியே வரும்.

ரேடியலில் தொடங்குங்கள். ஆழமானதை முதலில் முடித்தால், பின்னால் மேலே போடும் மருந்தும் காற்றுக்குமிழிகளும் பார்வையை மறைக்காது. ஒவ்வொரு நரம்புக்கும் 5 மில்லி வீதம் மொத்தம் 20 மில்லி.

சிரைகளைப் பற்றி எச்சரிக்கை. இங்கே இரண்டு மூன்று சிரைகள் இருக்கும், ப்ரோப்பின் லேசான அழுத்தத்திலேயே தட்டையாகி மறைந்துவிடும். தொடங்குமுன் அழுத்தத்தை விட்டு எத்தனை சிரைகள், எங்கே என்று எண்ணிவிடுங்கள். மருந்து விடும்போது திரையில் எதுவும் விரியவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். மருந்து எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அந்த எங்கோ பெரும்பாலும் ஒரு சிரைதான்.

இரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் இறுக்கும் பட்டையின் (டூர்னிகெட்) வலிக்காக அக்குளில் தனியாக ஒரு ஊசி போடுகிறார்களே, அது எல்லோருக்கும் வேண்டுமா? — அறுவை அரங்கச் செவிலியர்

மேற்கையின் உள்பக்கத் தோலுக்கு வரும் இன்டர்காஸ்டோபிராக்கியல் நரம்பு டி2-இலிருந்து வருகிறது. அது பின்னலைச் சேர்ந்ததே அல்ல, எந்த பிளாக்கிலும் சிக்காது. அக்குளுக்குக் கீழே தோலடியில் 5 மில்லி பரப்பினால் பட்டை கிள்ளுவது தெரியாது. ஆனால் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து வரும் ஆழமான வலி, இரத்தமில்லாத தசையின் வலி. அதற்குத் தோல் ஊசி உதவாது, பின்னல் நன்றாக மரத்திருக்க வேண்டும். மேற்கையில் நெடுநேரம் டூர்னிகெட் என்றால் ஆக்சிலரியைவிட சுப்ராகிளாவிகுலர் எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த 5 மில்லியும் மொத்த மருந்துக் கணக்கில் சேரும், எழுதிவையுங்கள்.

மரப்பு மருந்துகளான லிக்னோகெய்னையும் பியூப்பிவகெய்னையும் கலந்தால் இரண்டுக்கும் தனித்தனி உச்ச அளவு வரை போடலாமா? — பயிற்சி மருத்துவர்

கூடாது. நச்சுத்தன்மை கூடிக்கொண்டே போகும். 50 கிலோ எடையுள்ளவருக்குப் போட்டுப் பாருங்கள். பியூப்பிவகெய்ன் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்தால் 100 மி.கி., அதாவது 0.5 சதவீத மருந்தில் 20 மில்லி. அட்ரினலின் சேர்த்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி. வீதம் 350 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 17.5 மில்லி.

இப்போது 15 மில்லி பியூப்பிவகெய்னும் 10 மில்லி லிக்னோகெய்னும் கலக்கிறீர்கள். முதலாவது அதன் உச்சத்தில் 75 சதவீதம், இரண்டாவது 57 சதவீதம். கூட்டினால் 132. எல்லை தாண்டிவிட்டீர்கள். 10 மில்லியும் 8 மில்லியும் என்றால் 50-உம் 46-உம் சேர்ந்து 96, உள்ளேதான். ஆனால் கையில் இருப்பது 18 மில்லிதான், ஆக்சிலரிக்குச் சரி, இன்ஃப்ராகிளாவிகுலருக்குப் போதாது.

உண்மையில் கலப்பதால் பெரிய லாபமும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நீர்க்கச்செய்கின்றன. பியூப்பிவகெய்னின் நீண்ட நேரம் குறைகிறது. லிக்னோகெய்னின் வேகமும் முழுதாகக் கிடைப்பதில்லை. பியூப்பிவகெய்ன் தனியாகப் போட்டு அரை மணி பொறுத்திருப்பது எத்தனையோ மேல். பொறுக்க அறுவை மருத்துவர் விடமாட்டார் என்றால், நோயாளியைச் சீக்கிரம் வரவழைத்து வெளியறையிலேயே போட்டுவிடுங்கள்.

மரப்பு நீள, ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன் சேர்க்கலாமா?

நேரம் நிச்சயம் நீளும். 4 மி.கி. போதும், கூட்டிப் பயனில்லை. நரம்பருகே போடுவதற்கும் சிரைவழி கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் சிறிதுதான் என்பதால் எங்களில் பலர் சிரைவழியே கொடுத்துவிடுகிறோம். சர்க்கரை நோயாளியென்றால் மறுநாள் சர்க்கரை ஏறும் என்று வார்டுக்குச் சொல்லிவையுங்கள்.

மருந்து இரத்தத்தில் ஏறி விபத்தாகிவிட்டால் டெக்னீஷியனாக நான் என்ன தயாராக வைத்திருக்க வேண்டும்? — தியேட்டர் டெக்னீஷியன்

பிளாக் போடும் அறையிலேயே, பூட்டாத அலமாரியில், இந்த விபத்துக்கு மாற்று மருந்தான 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (சிரைவழி கொடுக்கும் கொழுப்புக் கரைசல்). ஒன்றல்ல, இரண்டு மூன்று பைகள். கணக்கைப் பாருங்கள்: 60 கிலோ நோயாளிக்கு முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி, அதாவது 90 மில்லி வேகமாக. தொடர்ந்து நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மில்லி, அதாவது நிமிடத்துக்கு 15 மில்லி. 250 மில்லி பை ஒன்று பத்தே நிமிடத்தில் தீர்ந்துவிடும். மொத்தம் கிலோவுக்கு 12 மில்லியைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள், அந்த நேரத்தில் யாருக்கும் வாய்ப்பாடு வராது. 50 மில்லி சிரிஞ்சுகள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், உதட்டைச் சுற்றி மதமதப்பு, திடீரென்று உளறல்... நோயாளி இவற்றில் ஒன்றைச் சொன்னாலே குரல் கொடுங்கள். அடுத்தது வலிப்பாக இருக்கலாம். அதற்கு மிடசோலம் எடுத்துக் கொடுங்கள். இதயம் தடுமாறும்போது மயக்க மருந்தான ப்ரோப்போஃபால் வேண்டாம், அதுவும் வெள்ளைதான் என்றாலும் அது லிப்பிட்டுக்கு மாற்றல்ல. இதயம் நின்றால் அட்ரினலின் வழக்கமான 1 மி.கி. அல்ல, கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்குள். முதலுதவியும் ஆக்சிஜனும் எப்போதும்போல முதலில்.

குத்தும் முன் எந்தக் கை என்று நோயாளியையும் அனுமதிப் படிவத்தையும் சேர்த்து ஒருமுறை கேட்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அல்ட்ராசவுண்ட் இருக்கும்போது, ஊசி வழியே சிறு மின்சாரம் விட்டுத் தசை துடிக்கிறதா என்று பார்க்கும் நரம்புத் தூண்டி எதற்கு? — முதுநிலை மாணவர்

அல்ட்ராசவுண்ட் வந்தபிறகு இரத்தத்தில் மருந்து ஏறும் விபத்து குறைந்திருக்கிறது. நரம்புச் சேதம் அப்படிக் குறைந்ததாக நிரூபிக்கப்படவில்லை. நிரந்தரச் சேதம் பத்தாயிரத்தில் சிலருக்குத்தான், ஆனாலும் அந்தச் சிலருக்கு அது கை. படம் மங்கலாக இருக்கும்போது தூண்டியை 0.5 மில்லியாம்பியரில் வைத்துக்கொள்ளுங்கள். 0.2-க்குக் கீழேயும் விரல் துடித்தால் ஊசி நரம்புக்குள் இருக்கலாம், பின்னிழுங்கள். துடிக்காததால் வெளியே இருக்கிறது என்று மட்டும் முடிவுகட்டாதீர்கள். நோயாளி மின்சாரம் அடித்ததுபோல் கத்தினாலோ, சிரிஞ்சு இறுக்கமாக இருந்தாலோ ஒரு சொட்டும் விடாதீர்கள். இந்தக் காரணத்துக்காகவே ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும் வயது வந்தவருக்கு பிளாக் போடுவதைத் தவிர்க்கிறோம்.

என் அப்பாவுக்கு டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது) வைக்கப் போகிறார்கள். சின்ன அறுவைதானே, வெட்டும் இடத்தில் மட்டும் மரக்க ஊசி போட்டால் போதாதா? ஏன் கை முழுவதையும் மரக்கவைக்கிறார்கள்? — ஒரு மகள்

வலிக்கு மட்டும் என்றால் வெட்டும் இடத்தில் போட்டாலே போதும். ஆனால் பின்னலை மறிக்கும்போது வலி நரம்போடு இரத்தக்குழாயைச் சுருக்கும் நரம்பும் சேர்ந்து உறங்கிவிடுகிறது. சிரை விரிகிறது, தமனியில் ஓட்டம் கூடுகிறது, தைப்பதும் எளிதாகிறது. 2016-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 126 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து, பிளாக் போட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கும், வெட்டும் இடத்தில் மட்டும் போட்டவர்களில் 62 சதவீதம் பேருக்கும் ஃபிஸ்டுலா திறந்திருந்தது. ஃபிஸ்டுலா உங்கள் அப்பாவின் உயிர்நாடி என்பதால் இந்த வித்தியாசம் பெரிது. அவர் சாப்பிடும் இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகள், கடைசியாக எப்போது டயாலிசிஸ் நடந்தது, அதில் இரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்டார்களா என்பதையெல்லாம் மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அரைமணி ஆகியும் ஒரு விரல் மட்டும் மரக்கவில்லை. மறுபடி அதே இடத்தில் போடலாமா? — பயிற்சி மருத்துவர்

முதலில் எந்த நரம்பு என்று கண்டுபிடியுங்கள். முழங்கையை நீட்டித் தள்ளச் சொல்லுங்கள், அது ரேடியல். மடக்கி இழுக்கச் சொல்லுங்கள், மஸ்குலோகியூட்டேனியஸ். ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தைக் கிள்ளிப் பாருங்கள், மீடியன். சுண்டுவிரலைக் கிள்ளுங்கள், அல்நார். விட்டுப்போனதைக் கீழே பிடிப்பதே நல்லது: அல்நாரையும் மீடியனையும் முன்கையின் நடுவில், ரேடியலை முழங்கைக்குச் சற்று மேலே வெளிப்பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் 3 முதல் 5 மில்லி. அதே இடத்தில் மறுபடி குத்தினால், பாதி மரத்த நரம்பில் ஊசி பட்டாலும் நோயாளிக்குத் தெரியாது. மருந்தின் உச்ச அளவில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சிரிஞ்சை எடுங்கள்.

நேற்று மதியம் கணவருக்கு மணிக்கட்டு எலும்பு அறுவை நடந்தது. இன்று காலைவரை கை தூக்க முடியவில்லை. பயப்பட வேண்டுமா? — ஒரு வாசகி

பியூப்பிவகெய்ன் போட்ட கை 12 மணி நேரத்துக்கு மேலும், டெக்ஸாமெத்தசோன் சேர்த்திருந்தால் ஒரு நாள் வரையும் மரத்திருப்பது வழக்கம்தான். ஒரு முழு நாள் தாண்டியும் அசையவில்லை என்றால் மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

அதுவரை கையைத் தூளியிலேயே வைத்திருக்கட்டும். மரத்த கை தன்னிஷ்டத்துக்கு விழும், முகத்திலேயே அடித்துக்கொண்டவர்கள் உண்டு. சூடான பாத்திரம், அடுப்பு அருகே போக வேண்டாம். அந்தக் கையின்மேல் படுக்க வேண்டாம். கழுத்தில் ஊசி போட்டிருந்தால் அந்தப் பக்க இமை தொங்குவதும் குரல் கம்முவதும் மரப்பு விலகும்போது தானே சரியாகும்.

வலி மாத்திரையை வலி வந்தபின் போடலாம் என்று காத்திருக்க வேண்டாம். மரப்பு விலகும்போது வலி மெல்ல வராது, ஒரே மூச்சில் வரும், அதுவும் பெரும்பாலும் நடு இரவில். விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் உணர்வு திரும்பத் தொடங்கியதுமே, அல்லது படுக்கப் போகும் முன்பே, மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள்.

மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போகிறது, கட்டு இறுக்கமாகத் தோன்றுகிறது, விரலை மெல்ல நீட்டினாலே துடிக்கிறார் என்றால் காலைவரை பொறுக்காதீர்கள். தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். மரத்த கையில் இது வலியாகத் தெரியாமல் மறைந்திருக்கக்கூடும் என்பதால், இன்னும் மரப்பு விலகாத நிலையில் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டாலோ, நீலம் பாரித்து வீங்கினாலோ அப்போதும் உடனே கிளம்புங்கள்.